தெருக் கூட்டிய ஒலிம்பிக் வீரர்



அமெரிக்காவின் மேற்குக் கரையில், லாஸ் ஏஞ்சலிஸ் மாநகருக்கு வடகிழக்கே, பாசடீனா என்றொரு நகரம் இருக்கிறது. செல்வர்கள் பலர் ஓய்வுக் காலத்தைக் கழிக்க விரும்பிக் குடியேறிய ஊர் அது. புத்தாண்டையொட்டி ரோஜா மலர் ஊர்வலம் நடத்துவதில் உலகப் புகழ் பெற்றது. 1930ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அந்த ஊரின் அழகான தெருக்களில் ஓர் இளைஞர் தள்ளுவண்டியும் விளக்குமாறுமாகக் குப்பை கூட்டிக்கொண்டிருந்தார். அவர் தோல் கறுப்பு. அவர் அணிந்திருந்த மேல்சட்டையின்மீது 'யு.எஸ்.ஏ.' என்ற மூன்று எழுத்துகள் இருந்தன. அது கடையில் வாங்கிய சட்டையன்று. ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற அமெரிக்கக் குழுவினருக்கு வழங்கப்பட்ட சட்டை.

அந்த இளைஞரின் பெயர் மேத்யூ ராபின்சன். ஊரார் அழைத்த பெயர் மேக். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். அந்தச் சட்டையுடன் அவர் தெருக் கூட்டுவதைக் கண்ட வெள்ளையர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. வேண்டுமென்றே தங்களைச் சீண்டுவதாக நினைத்தார்கள். சட்டை அவருடையது, வேலை ஊர் கொடுத்தது. இவ்விரண்டில் எது வெட்கப்பட வேண்டியது என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்த மேக் ராபின்சனைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். அவருடைய தம்பி ஜாக்கி ராபின்சனின் பெயரை நேயர்கள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். பேஸ்பால் விளையாட்டில் நிறத்தடையை உடைத்தவர் என்று உலகம் கொண்டாடும் மனிதர் அவர். தம்பியின் புகழ் வெளிச்சத்தில் அண்ணனின் வாழ்க்கை பலர் கண்ணில் படாமலே போய்விட்டது. எனினும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அண்ணனின் கதைதான் இன்னும் நெருக்கமானது என்று நமக்குத் தோன்றுகிறது.

கதை ஒரு தோட்டத்தில் தொடங்குகிறது.

அமெரிக்காவின் தென்பகுதியில் ஜார்ஜியா மாநிலத்தில் கேரோ என்னும் சிற்றூர் உண்டு. எகிப்து நாட்டுத் தலைநகரின் பெயரைத்தான் இட்டார்கள். உள்ளூர் மக்கள் நாவில் அது கேரோ என்றாயிற்று. அந்த ஊரின் பக்கத்தில் சாசர் என்ற வெள்ளைத் துரைக்குச் சொந்தமான பெருந்தோட்டம் இருந்தது. அங்கே ஜெர்ரி ராபின்சன் என்ற கறுப்பர் மாதம் 12 டாலர் கூலிக்கு வேலை செய்தார். அவர் மனைவி மேலி.

அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டு சட்டப்படி ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்ற மக்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. நிலம் பழைய எசமானர்களிடமே இருந்தது. உழைக்கும் கை ஒருவரிடம், உழும் நிலம் வேறொருவரிடம் என்ற நிலையில் அங்கே வளர்ந்ததுதான் வார விவசாயம். நம் முன்னோர் தமிழகத்துக் கிராமங்களில் 'வாரம்' என்று சொன்னார்களே, ஏறக்குறைய அதே முறை. குடிசை துரையுடையது, விதை துரையுடையது, ஏர் இழுக்கும் கோவேறு கழுதையும் பல இடங்களில் துரையுடையது. அரிசி பருப்புக்குப் பதில் அங்கே சோளமாவும் பன்றிக் கொழுப்பும். அதையும் துரையின் கடையில் கடனுக்கு வாங்க வேண்டும். அறுவடை முடிந்து பருத்தி விற்றதும் பங்கு பிரிப்பார்கள். கடைக் கணக்கைக் கழித்துப் பார்த்தால் தொழிலாளியின் கையில் மிச்சம் இருப்பது அபூர்வம். கணக்கை எழுதியவர் ஒருவர், கைநாட்டு வைத்தவர் ஒருவர். நம் பாட்டன்மார் காலத்துத் தோட்டக் கடைக் கணக்கைக் கேட்டறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

மேலியின் பெற்றோர் அடிமைகளாகப் பிறந்து விடுதலை பெற்றவர்கள். ஆயினும் சொந்தமாகச் சிறிது நிலம் சேர்த்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள். மேலி ஆறாம் வகுப்பு வரை படித்தார். அந்தக் காலத்தில் அந்த ஊரில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அது பெரிய படிப்பு. பத்து வயதில் தம் தந்தைக்குப் பைபிள் வாசிக்கக் கற்றுக் கொடுத்தவர் அவர். அப்படிப்பட்ட பெண் மாதம் 12 டாலரில் அடங்கிக் கிடப்பாரா? "கூலி வேண்டாம், பாதி வாரம் கேளுங்கள்" என்று கணவரைத் தூண்டினார். துரையும் இணங்க வேண்டியதாயிற்று. குடும்பத்துக்குக் கொஞ்சம் வரும்படி வந்தது. துரைக்கு மேலியின்மீது மனக்கசப்பும் வந்தது.

அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள். எட்கர், ஃபிராங்க், மேக், வில்லா மே, ஜாக்கி. மேக் பிறந்தது 1914ஆம் ஆண்டு ஜூலை 18. கடைக்குட்டி ஜாக்கி 1919ஆம் ஆண்டு சனவரியில் பிறந்த சில மாதங்களில் தகப்பனார் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் துரை சும்மா இருக்கவில்லை. இருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி இன்னும் மோசமான குடிசைக்கு அனுப்பினார். மேலி கெஞ்சவில்லை. கலிபோர்னியாவுக்குப் போன உறவினர் ஒருவர் அங்கே வாழ வழியிருக்கிறது என்று சொல்லியிருந்தார். 1920ஆம் ஆண்டு மே மாதம், ஐந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ரயிலேறினார். அமெரிக்காவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பயணம். மேக்குக்கு அப்போது ஐந்து வயது. ஜாக்கி கைக்குழந்தை.

போய்ச் சேர்ந்த ஊர்தான் நாம் முதலில் சொன்ன பாசடீனா.

அங்கே மேலி பணக்காரர் வீடுகளில் துணி துவைத்து, சமைத்து, வீடு பெருக்கிப் பிழைத்தார். விடியும் முன் போனால் மாலையில்தான் திரும்புவார். நம் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை என்று ஒன்றாவது இருந்தது; தாய்மார் அங்கே பிள்ளையை விட்டுவிட்டுப் பால்வெட்டுக்குப் போனார்கள். மேலிக்கு அதுவும் இல்லை. ஆகவே அக்காள் வில்லா மே பாலர் பள்ளிக்குப் போகும்போது குட்டித் தம்பி ஜாக்கியையும் உடன் அழைத்துப் போவாள். அவள் வகுப்பில் இருக்கும் நேரமெல்லாம் அவன் வெளியே மணல்தொட்டியில் விளையாடிக்கொண்டிருப்பான். அம்மா வேலைக்குப் போன வீடுகளில் மிஞ்சிய உணவைக் கொண்டு வந்தால் இரவுச் சாப்பாடு உண்டு. சில நாள் ரொட்டியும் சர்க்கரைத் தண்ணீரும்தான் என்று ஜாக்கி பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

இப்படிச் சேர்த்த காசில் 1922ஆம் ஆண்டு பெப்பர் தெருவில் 121ஆம் எண் வீடு அந்தக் குடும்பத்தின் வீடாயிற்று. தெரு முழுக்க வெள்ளையர். அவர்களை வெளியேற்ற அண்டை வீட்டார் மனுப் போட்டார்கள். காசு கொடுத்து வீட்டை வாங்கிவிடவும் பார்த்தார்கள். ஒருநாள் வீட்டு முன்புறத்தில் சிலுவையை நட்டு எரித்து மிரட்டினார்கள். மேலி அசையவில்லை. ஜார்ஜியாத் துரையிடமே அசையாதவர் அவர்.

இத்தனையும் நாம் விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. மேக் ராபின்சனின் கால்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவை எங்கே நிற்கக் கற்றன என்பதைச் சொல்வதில்லை.

பள்ளிப் பருவத்திலேயே மேக் ஓட்டத்தில் தேர்ந்தவரானார். ஆனால் மருத்துவர்கள் அவர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, இருதயத் துடிப்பில் குறை இருக்கிறது என்றார்கள். உடல் மோதும் விளையாட்டுகள் கூடாது என்று தடுத்தார்கள். ஓட்டத்தை மட்டும் அவர் விடவில்லை. பாசடீனா ஜூனியர் கல்லூரியில் சேர்ந்து குறுந்தூர ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் பெயர் வாங்கினார்.

1936ஆம் ஆண்டு வந்தது. ஒலிம்பிக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் போட்டி நியூயார்க்கில் நடந்தது. பாசடீனாவிலிருந்து நியூயார்க் போவதென்றால் நாட்டையே குறுக்கே கடக்க வேண்டும். ரயில் கட்டணத்துக்கு வீட்டில் ஏது பணம்? உள்ளூர் வணிகர் சிலர் 150 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். ஊர் மக்கள் முழுவதும் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை என்பதற்காக இதையும் இங்கே சொல்லி வைக்கிறோம். நியூயார்க்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் மேக் இரண்டாவதாக வந்தார். முதலாவதாக வந்தவர் ஜெஸ்ஸி ஓவன்ஸ். அவரும் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில், வார விவசாயி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர்.

ஜூலை மாதம் அமெரிக்கக் குழு கப்பலேறி அட்லாண்டிக் கடலைக் கடந்தது. அந்தக் குழுவில் கறுப்பின வீரர், வீராங்கனைகள் 18 பேர். அவர்கள் போய் இறங்கிய நாட்டை ஆண்டவன் ஹிட்லர். தன் இனமே உயர்ந்த இனம் என்று பறைசாற்றியவன். அவன் கண்முன்னே அந்த 18 பேரும் சேர்ந்து 14 பதக்கங்களை வென்றார்கள். அவற்றில் நான்கு தங்கம் ஓவன்ஸ் ஒருவருடையவை.

ஆகஸ்டு 5ஆம் நாள் 200 மீட்டர் இறுதி ஓட்டம். மேக் காலில் இருந்தவை அந்தப் பருவம் முழுதும் ஓடித் தேய்ந்த பழைய ஆணிக் காலணிகள். புதியது வாங்கித் தர யாரும் இல்லை. ஓவன்ஸ் 20.7 வினாடியில் கோட்டைத் தொட்டார். அது புதிய ஒலிம்பிக் சாதனை. அவருக்கு அடுத்து 21.1 வினாடியில் மேக். மூன்றாவதாக வந்தவர் நெதர்லாந்து நாட்டு ஓசன்டார்ப். நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் போட்டிகள் தொடங்குவதற்கு முன் இருந்த ஒலிம்பிக் சாதனை 21.2 வினாடி. அதைவிட விரைவாகத்தான் மேக்கும் ஓடினார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அப்படி ஓடியிருந்தால் தங்கமே அவருக்குக் கிடைத்திருக்கும். அவருடைய ஊழ், ஓவன்ஸ் ஓடிய அதே நாளில் ஓட நேர்ந்தது.

ஹிட்லர் ஓவன்ஸுடன் கைகுலுக்க மறுத்தான் என்ற கதையைப் பல மேடைகளில் கேட்கிறோம். முதல் நாளுக்குப் பிறகு அவன் வெளிப்படையாக எந்த வெற்றியாளரையும் அழைத்துப் பாராட்டவில்லை என்பதே வரலாறு. ஓவன்ஸின் மனக்குறை வேறு: தன்னை மதிக்காமல் விட்டது தன் சொந்த நாட்டு அதிபர்தான் என்றார் அவர். 1936ஆம் ஆண்டு வெள்ளை மாளிகை அந்தக் கறுப்பின வீரர்களை வரவேற்று உபசரிக்கவில்லை. எண்பது ஆண்டுகள் கழித்து, 2016ஆம் ஆண்டு செப்டம்பரில், அதிபர் ஒபாமா அந்த 18 பேரின் உறவினர்களை அழைத்து அந்தக் கடனைத் தீர்த்தார்.

நாடு செய்யாததைச் சொந்த ஊராவது செய்ததா? பெர்லினிலிருந்து மேக் திரும்பியபோது மாலை இல்லை, ஊர்வலம் இல்லை. தம் குடும்பத்தாரையும் நெருங்கிய நண்பர்களையும் தவிர, தம்மால் பெருமைப்பட்டவர் ஊரில் யாராவது இருந்தால் அதை அவர்கள் காட்டிக்கொள்ளவில்லை என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். பள்ளிக் கூட்டமொன்றில், ஒரு குதிரையோடு பந்தயம் ஓடுவாயா என்று யாரோ கேட்டதுதான் தமக்குக் கிடைத்த கவனிப்பு என்றும் அவர் கூறியதுண்டு. ஓவன்ஸ் பிழைப்புக்காக உண்மையிலேயே குதிரைகளோடு ஓடிக் காட்டினார். உலகின் மிக வேகமான மனிதருக்கு அந்தக் காலம் கொடுத்த வேலை அது.

மேக் மனம் தளரவில்லை. ஓரிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1938ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் 220 கஜ ஓட்டத்தில் முதல்வரானார். பட்டம் எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் வீட்டில் தாய் இன்னும் பிறர் வீட்டுத் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தார். தம்பி படித்துக்கொண்டிருந்தான். குடும்பத்துக்கு உதவுவதற்காகப் பட்டம் பெறாமலே மேக் பாசடீனாவுக்குத் திரும்பினார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். குடும்பத்துக்காகப் படிப்பை விட்ட பிள்ளையை நம் சமுதாயம் தியாகி என்று புகழ்வது வழக்கம். நம் தோட்டங்களில் மூத்த பிள்ளை ஆறாம் வகுப்போடு நின்று பிரட்டுக்குப் போய், தம்பி தங்கைகளைப் படிக்க வைத்த வீடுகள் எத்தனை! அந்த அண்ணன்மாரையும் அக்காமாரையும் நாம் வணங்குகிறோம். ஆனால் புகழும்போது ஒரு கேள்வியை விழுங்கிவிடக் கூடாது. மேக் வீடு திரும்பியது அவர் மனமுவந்து செய்தது. விளக்குமாறு அவர் விரும்பி எடுத்ததன்று. கல்லூரிப் படிப்பும் ஒலிம்பிக் பதக்கமும் உள்ள ஒருவருக்கு அந்த ஊரின் காவல் துறையிலோ தீயணைப்புப் படையிலோ இடமிருந்திருக்க வேண்டும். அக்காலத்தில் அவ்விரண்டிலும் கறுப்பர் ஒருவர்கூட இல்லை. நகராண்மைக் கழகம் அவருக்குத் தள்ளுவண்டியைக் கொடுத்தது. இதைத் தியாகம் என்ற சொல்லால் மூடிவிட்டால் வேலை கொடுக்க மறுத்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். தெருக் கூட்டுவது இழிவான தொழில் என்று நாம் சொல்லவில்லை. கூட்டுவதைத் தவிர வேறு வேலைக்கு உனக்கு வாசல் கிடையாது என்று சொல்வதுதான் இழிவு.

இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் தம்பி ஜாக்கி. அண்ணன் ஓடிய கல்லூரியிலேயே அவரும் சேர்ந்தார். 1938ஆம் ஆண்டு மே மாதம் ஒருநாள், கிளேர்மாண்ட் என்ற ஊரில் நீளம் தாண்டும் போட்டியில் 25 அடி ஆறரை அங்குலம் தாண்டி அண்ணனின் சாதனையை முறியடித்தார். அன்றைக்கே அங்கிருந்து காரில் கிளெண்டேல் நகருக்கு விரைந்து கல்லூரிப் பேஸ்பால் குழுவுக்காகவும் ஆடினார். பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, நான்கு விளையாட்டுகளில் பல்கலைக்கழகக் குழுவில் ஆடிச் சிறப்புப் பெற்ற முதல் மாணவரானார். அவரும் பட்டம் பெறவில்லை. எவ்வளவு படித்தாலும் ஒரு கறுப்பனுக்கு வேலை கிடைக்கப் போவதில்லை என்று தாம் நம்பியதாக அவரே எழுதியிருக்கிறார். 1941ஆம் ஆண்டு வெளியேறி, தாய்க்கு உதவச் சம்பாதிக்கப் போனார். அந்த நம்பிக்கையின்மை எங்கிருந்து வந்தது என்று நாம் தேடிப் போக வேண்டியதில்லை. அண்ணனின் பதக்கமும் அவர் வீட்டில்தான் இருந்தது. அண்ணனின் சம்பளமும் அவருக்குத் தெரியும்.

இதற்கிடையே 1939ஆம் ஆண்டு இன்னொரு இடி. இரண்டாவது சகோதரர் ஃபிராங்க் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். மனைவி மக்களோடு அதே பெப்பர் தெரு வீட்டில் வாழ்ந்தவர் அவர். குடும்பத்தின் பாரம் கூடியது.

அடுத்து நடந்ததைக் கேட்டால் நேயர்கள் வியப்பீர்கள். பாசடீனாவின் புரூக்சைடு பூங்காவில் பொது நீச்சல் குளம் ஒன்று இருந்தது. வாரத்தில் ஒரு நாள் மட்டுமே கறுப்பின மக்கள் அதில் இறங்கலாம். அந்த நாள் முடிந்ததும் குளத்து நீரை வெளியேற்றிக் கழுவிவிட்டுப் புதிய நீர் நிரப்புவார்கள். தீட்டு என்ற சொல் ஆங்கிலத்தில் இல்லாமல் இருக்கலாம், செயல் அதுவேதான். நம்மவர் குளத்தங்கரைகளில் நடந்த கொடுமையை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. வெயில் தாங்காத கறுப்பர் வீட்டுச் சிறுவர்கள் குடிநீர்த் தேக்கத்தில் குளிக்கப் போய்ப் போலீசில் அகப்பட்டார்கள். சிறுவன் ஜாக்கியும் அப்படி அகப்பட்டவன்தான்.

கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தார் 1939ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தார்கள். பல ஆண்டு இழுபறிக்குப் பின் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. குளத்தை எல்லாருக்கும் திறக்க வேண்டியதாயிற்று. நகராண்மைக் கழகம் அதற்குப் பழி வாங்கியது. தன்னிடம் வேலை பார்த்த கறுப்பின ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியது. மேக் ராபின்சனும் நீக்கப்பட்டார். குளத்தில் எல்லாரும் குளிக்கலாம் என்ற நீதி வந்த வழியிலேயே அவர் கையிலிருந்த விளக்குமாறும் போயிற்று.

மனம் கசந்த ஒருவர் அந்த ஊரை விட்டுப் போயிருக்கலாம். ஜாக்கி போய்விட்டார். 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவின் சீருடையணிந்து திடலில் இறங்கி, உயர்மட்டப் பேஸ்பாலில் அந்த நூற்றாண்டில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் என்ற பெயரைப் பெற்றார். பிற்காலம் முழுவதும் கிழக்குக் கரையிலேயே வாழ்ந்து 1972ஆம் ஆண்டு காலமானார். பாசடீனாவின்மீது அவருக்கு இருந்த கசப்பு கடைசி வரை மாறவில்லை.

மேக் அங்கேயே இருந்தார். கிடைத்த வேலைகளைச் செய்து பிள்ளைகளை வளர்த்தார். தாய் மேலி 1968ஆம் ஆண்டு காலமானார். ஜார்ஜியாத் தோட்டத்தில் பாதி வாரம் கேட்ட அந்த அம்மையார், தம் பிள்ளைகளில் ஒருவர் ஒலிம்பிக் மேடையில் நின்றதையும் ஒருவர் நாடறிந்த மனிதரானதையும் கண்ட பிறகே கண்மூடினார்.

வயது ஏற ஏற மேக் ஊர்ப் பணியில் இறங்கினார். தம் சுற்றுவட்டாரத் தெருக்களில் வன்முறையும் குற்றமும் பெருகியபோது அவற்றுக்கு எதிரான முயற்சியில் முன்னணியில் நின்றார். முன்பு எந்தத் தெருக்களின் குப்பையைக் கூட்டினாரோ, அந்தத் தெருக்களில் பிள்ளைகள் அச்சமின்றி நடமாட வேண்டும் என்று உழைத்தார். இப்படிப்பட்ட பணிக்கு நேரங்காட்டும் கடிகாரம் கிடையாது, பதக்கமும் கிடையாது. ஆதலால் இதைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகளும் குறைவு. 200 மீட்டர் ஓடிய 21 வினாடியைப் பற்றிப் பல பக்கங்கள் உண்டு. ஐம்பது ஆண்டு ஊரில் நின்றதைப் பற்றிச் சில வரிகளே உண்டு. விளையாட்டு வரலாறு எழுதுவோரின் பழக்கம் அப்படி.

1984ஆம் ஆண்டு ஜூலை மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் ஒலிம்பிக் போட்டி தொடங்கியது. அப்போது மேக்குக்கு எழுபது வயது நிறைந்து பத்து நாள் ஆகியிருந்தது. பெரிய ஒலிம்பிக் கொடியைத் திடலுக்குள் ஏந்தி வந்த முன்னாள் வீரர்களில் அவரும் ஒருவர். அதே விழாவில் தீபத்தைத் திடலுக்குள் கொண்டுவந்தவர் ஜெஸ்ஸி ஓவன்ஸின் பேத்தி. ஓவன்ஸ் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். பெர்லினில் முன்னும் பின்னுமாக ஓடிய இருவரில் ஒருவரின் பேத்தி கையில் தீபம். மற்றவர் கையில் கொடியின் ஓரம். மேக் அன்று கொடி பிடித்து நடந்த அந்தத் திடலிலிருந்து அவர் தெருக் கூட்டிய பாசடீனா பதினைந்து மைல் தூரங்கூட இல்லை.

ஊர் தன் தவற்றை உணர இன்னும் நாளாயிற்று. பெப்பர் தெரு வீடு இடிக்கப்பட்டுவிட்டது. அது இருந்த இடத்தில் நடைபாதையில் பதித்த சிறு தகடு ஒன்றுதான் உண்டு. 1997ஆம் ஆண்டு நகராண்மைக் கழக மாளிகைக்கு எதிரே சகோதரர் இருவருக்கும் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அப்போது மேக் உயிரோடிருந்தார். 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், 85ஆவது வயதில், பாசடீனாவிலேயே அவர் காலமானார். அதே ஆண்டில் அந்த நகரின் அஞ்சலகம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் ஓடிய கல்லூரியின் திடல் சகோதரர் இருவர் பெயராலும் வழங்குகிறது.

அந்த நினைவுச் சின்னத்தைப் பற்றி ஒரு செய்தி. ஒன்பது அடி உயரத்தில் வெண்கலத்தால் செய்த இரண்டு தலைகள் அவை, உடல் இல்லை. தலைமுடியை உற்றுப் பார்த்தால் அவர்கள் வாழ்க்கை நிகழ்ச்சிகள் சிறு சிறு உருவங்களாகச் செதுக்கப்பட்டிருப்பது தெரியும். ஜாக்கியின் முகம் கிழக்கே, தாம் புகழ் பெற்ற புரூக்ளின் இருக்கும் திசையைப் பார்க்கிறது. மேக்கின் முகம் நகராண்மைக் கழக மாளிகையை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.